பணம் கட்டியாயிற்று, டாக்டர் எங்கே?

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளின் மருத்துவ வசதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

செப்டம்பர் சேர்க்கை நெருங்கும்போது நமக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடும். எந்தப் படிப்பு, எந்த ஊர், எவ்வளவு கல்விக் கடன் என்ற கேள்விகள் குறைந்து, "அங்கே காய்ச்சல் வந்தால் பிள்ளை எங்கே போவான்?" என்ற கேள்வி மேலே வரும். உண்மையில் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். இம்முறை பிரிட்டன், ஜெர்மனி, கனடா, அமெரிக்கா பற்றி வந்தவற்றிலிருந்து ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் மகன் லீட்ஸ் நகரில் ஓராண்டு முதுகலைப் படிப்பில் சேரப் போகிறான். விசா விண்ணப்பத்தோடு மருத்துவக் கட்டணம் என்று 1,164 பவுண்டு கட்டினோம். நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆனால் பாலிசி எண்ணும் வரவில்லை, கார்டும் வரவில்லை. ஏஜென்டைக் கேட்டால், "அது விசாவுக்குக் கட்டியது மேடம்" என்கிறார். தனியாக இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டுமா?
– ஒரு தாய், நாமக்கல்

அம்மா, ஏஜென்ட் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டதுதான் கோளாறு.

நீங்கள் கட்டியது குடியேற்ற மருத்துவக் கூடுதல் கட்டணம். 2015 ஏப்ரலில் இதைக் கொண்டு வந்தபோது மாணவர்களுக்கு ஆண்டுக்கு 150 பவுண்டுதான் இருந்தது. 2019இல் 300 ஆகவும், 2020 அக்டோபரில் 470 ஆகவும் உயர்ந்து, 2024 பிப்ரவரி 6 முதல் 776 ஆகிவிட்டது. படிப்பு ஓராண்டுதான் என்றாலும் படிப்பு முடிந்த பின்னும் சில மாதங்கள் தங்க விசா இடம் தருவதால், அந்த மிச்ச மாதங்களுக்கு அரையாண்டுக் கட்டணம் 388 பவுண்டைச் சேர்த்து 1,164 என்று வாங்கியிருக்கிறார்கள். கணக்கில் தவறு இல்லை.

இது காப்பீடு அன்று. ஆகவே பாலிசியும் இல்லை, க்ளெய்மும் இல்லை, இவ்வளவு வரைதான் தருவோம் என்ற உச்சவரம்பும் இல்லை. முன்பே இருந்த நோய்க்குச் சிகிச்சை இல்லை என்ற நம்மூர்க் காப்பீட்டு நிபந்தனையும் இதில் கிடையாது. என்.எச்.எஸ். என்னும் தேசிய சுகாதார சேவையை, அந்நாட்டில் நிரந்தரமாக வாழ்பவரைப் போலவே பயன்படுத்திக்கொள்ளும் உரிமையை இந்தப் பணம் உங்கள் மகனுக்கு வாங்கித் தருகிறது. எனவே சிகிச்சைக்கென்று இன்னொரு காப்பீடு தேவையில்லை. ஆனால் விமானத்தில் பெட்டி தொலைந்தாலோ, வீட்டில் ஒரு துக்கம் என்று அவசரமாக ஊர் திரும்ப வேண்டியிருந்தாலோ, எழுதக் கை வராவிட்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஓர் உடலை ஊருக்குக் கொண்டு வர நேர்ந்தாலோ, என்.எச்.எஸ். ஒரு காசும் தராது. அவற்றுக்காக ஒரு மாணவர் பயணக் காப்பீட்டை எடுத்து வைப்பது நல்லது.

இப்போது ஏஜென்ட் சொல்லாத பாதிக்கு வருகிறேன். பணம் கட்டியதால் உங்கள் மகனுக்கு உரிமை வந்துவிட்டது, டாக்டர் வந்துவிடவில்லை. லீட்ஸ் போய்ச் சேர்ந்ததும், தான் தங்கியிருக்கும் பகுதியில் உள்ள ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் அவன் தன் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். நம்மூரில் உடம்புக்கு வந்த பிறகுதான் டாக்டரைத் தேடுவோம், அங்கே உடம்பு நன்றாக இருக்கும்போதே தேட வேண்டும். பதிவுக்கு ஒரு படிவம் உண்டு, இணையம் வழியாகவும் நிரப்பலாம், கட்டணம் இல்லை. வீட்டு முகவரிக்கான சான்றோ அடையாள அட்டையோ இல்லை என்பதற்காக இங்கிலாந்தில் ஒரு ஜி.பி. நிலையம் பதிவை மறுக்கக் கூடாது என்பது விதி. வரவேற்பு மேசையில் இருப்பவர் அதை அறியாமல் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. அப்போது பணிவாக அந்த விதியை நினைவுபடுத்தலாம். பதிவானதும் ஒரு என்.எச்.எஸ். எண் கிடைக்கும், நீங்கள் எதிர்பார்த்த கார்டுக்குப் பதில் அந்த எண்தான்.

ஜி.பி.யின் நிலையத்தை அங்கே 'சர்ஜரி' என்பார்கள். "காலையில் சர்ஜரிக்குப் போயிருந்தேன்" என்று மகன் போனில் சொன்னால் பதறிவிடாதீர்கள், கத்தி எதுவும் வைத்திருக்க மாட்டார்கள்.

நிலையம் மூடியிருக்கும் நேரத்தில் 111 என்ற எண்ணுக்கு அழைத்தால், எங்கே போக வேண்டும் என்று வழி சொல்வார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999. தொண்டை வலி, காது வலி, சைனஸ், பெண்களுக்கு வரும் சாதாரணச் சிறுநீர்த் தொற்று போன்ற ஏழு தொல்லைகளுக்கு, 2024 ஜனவரி இறுதி முதல் இங்கிலாந்தின் மருந்துக் கடை மருந்தாளுநரே பார்த்து, தேவையானால் ஆன்டிபயாட்டிக்கும் தரலாம். இதற்கு அப்பாயின்ட்மென்ட் வேண்டியதில்லை.

செலவே இல்லை என்றும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் மருந்துச்சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 2024 மே முதல் 9.90 பவுண்டு கட்டணம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் அதுவும் இல்லை. கையில் பணம் குறைவாக உள்ள மாணவர்கள் எச்.சி.1 என்ற படிவத்தை நிரப்பி அனுப்பினால், வருமானத்தைப் பார்த்து இக்கட்டணத்தை முழுவதுமாகவோ, பல், கண் கட்டணங்களில் ஒரு பகுதியையோ தள்ளுபடி செய்வார்கள். நம் பிள்ளைகளில் பலர் இதை இலவசத்துக்குக் கையேந்துவதாக நினைத்து விண்ணப்பிப்பதே இல்லை. ஒரு லட்சத்துக்கு மேல் முன்கூட்டியே கட்டிவிட்டு வந்தவர்களுக்கு இதில் கூச்சம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

பல் வைத்தியத்துக்கு மட்டும் ஒரு யோசனை: புறப்படும் முன்பே நம்மூரில் பல்லைக் காட்டி, அடைக்க வேண்டியதை அடைத்துக்கொண்டு போகட்டும். அங்கே என்.எச்.எஸ். பல் மருத்துவரிடம் இடம் கிடைப்பது இங்கிலாந்துக்காரர்களுக்கே கடினமாக இருக்கிறது.

லெஸ்டரில் படிக்கிறேன். மூன்று வாரமாக மேல்வயிற்றில் எரிச்சலும் வலியும். ஜி.பி. ஐந்து நிமிடம் பேசினார், மலப் பரிசோதனைக்கு எழுதினார், பிறகு ஒரு மாத்திரையை நான்கு வாரம் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். எங்கள் மதுரையில் என்றால் அன்று மாலையே எண்டோஸ்கோபி எடுத்திருப்பார்கள். வயிற்று நோய் நிபுணரை நேரே பார்க்க வழி இல்லையா?
– முதுகலை மாணவர்

தம்பி, என்.எச்.எஸ்.இல் நேரே பார்க்க வழி இல்லை. நிபுணரிடம் போகும் வாசலில் ஜி.பி. நிற்கிறார், அவர் கடிதம் எழுதினால்தான் கதவு திறக்கும். மதுரையில் உங்களுக்குப் பழக்கமான வழி இதற்கு நேர் எதிரானது என்பதால், உங்களை அலட்சியப்படுத்துகிறார்கள் என்று தோன்றுவது இயல்பே.

ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் ஜி.பி. ஒழுங்கான வழியில்தான் போகிறார். மலப் பரிசோதனை பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிக்காகத்தான் இருக்கும். நம் நாட்டில் மிகப் பரவலாக உள்ள இந்தக் கிருமிதான் வயிற்றுப் புண்ணின் முக்கியக் காரணங்களில் ஒன்று. அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சாப்பிட்டிருந்தால் அந்தப் பரிசோதனை பொய்யாக 'இல்லை' என்று காட்டக்கூடும் என்பதால், இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்திய பிறகே எடுப்பார்கள். ஊரிலிருந்து கொண்டுபோன ஒமெப்ரசோல், பேன்டோபிரசோல் எதையாவது நீங்களாகவே சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இளம் வயதில், அபாய அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு எடுத்தவுடன் எண்டோஸ்கோபி செய்வதில்லை என்பது அங்குள்ள மருத்துவ நடைமுறை, பணத்தை மிச்சப்படுத்தும் கஞ்சத்தனம் மட்டும் அன்று. நம்மூரில் அன்று மாலையே எடுக்கப்படும் எண்டோஸ்கோபிகள் அத்தனையும் தேவைப்பட்டவைதானா என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

கறுப்பாகத் தார் போல மலம் போவது, இரத்த வாந்தி, விழுங்கச் சிரமம், காரணமின்றி எடை குறைவது, இவற்றில் எது வந்தாலும் நான்கு வாரக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இரத்த வாந்தியும் கறுப்பு மலமும் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியவை.

இன்னொன்று, ஜி.பி.யிடம் எப்படிச் சொன்னீர்கள் என்பது. 'கேஸ் ட்ரபிள்', 'உடம்புச் சூடு', 'வாய்வுப் பிடிப்பு' ஆகியவை நமக்கு முழு நோய்க்கதையையும் சொல்லிவிடும் சொற்கள், ஆனால் லெஸ்டர் டாக்டரின் காதில் அவற்றுக்கு மருத்துவப் பொருள் கிடையாது. எந்த இடத்தில் வலி, சாப்பிடும் முன்பா பின்பா, இரவில் தூக்கத்தைக் கலைக்கிறதா, எத்தனை நாளாக என்று நான்கு வரியில் எழுதிக்கொண்டு போய்ப் படித்துக் காட்டுங்கள். ஒரு சந்திப்பு பெரும்பாலும் பத்து நிமிடம்தான், அதில் முதல் நிமிடத்தை வணக்கத்தில் செலவழித்துவிட்டால் மீதி குறைவு. ஆங்கிலத்தில் விவரிக்க வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே கேட்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

நிபுணருக்குக் கடிதம் போன பின்பு 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது என்.எச்.எஸ்.இன் இலக்கு. பல துறைகளில் அது எட்டப்படுவதில்லை. விடுமுறையில் ஊருக்கு வரும்போது இங்கே பரிசோதித்துக்கொள்வதில் தவறில்லை, அறிக்கைகளை ஆங்கிலத்தில் வாங்கிக்கொண்டு போய் ஜி.பி.யின் பதிவில் சேர்த்துவிடுங்கள்.

மகன் ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறான். அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகுமாம். மாதம் 35 யூரோவுக்குத் தனியார் காப்பீடு வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்சி சொல்கிறது. நான்கில் ஒரு பங்குதானே?
– ஒரு தந்தை, கோயம்புத்தூர்

ஐயா, மகனுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. ஜெர்மனியில் விடை அந்த எண்ணில்தான் இருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த, 30 வயது நிரம்பாத மாணவருக்குச் சட்டப்படியான பொதுக் காப்பீடு கட்டாயம், அதற்கு மாணவர் சலுகைக் கட்டணமும் உண்டு. டி.கே., ஏ.ஓ.கே., பார்மர் போன்ற காப்பீட்டு நிதியங்களில் எதில் வேண்டுமானாலும் சேரலாம், கட்டணத்தில் சில யூரோ வித்தியாசமே இருக்கும். நீங்கள் சொன்ன 140 யூரோவைச் சுற்றிய தொகை சரிதான். இதிலிருந்து விலக்குப் பெற்றுத் தனியார் காப்பீட்டுக்குப் போக முடியும், கன்சல்டன்சி விற்பது அதைத்தான். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. சேர்ந்த மூன்று மாதத்துக்குள் விலக்குப் பெற்றுவிட்டால் படிப்பு முடியும் வரை அதைத் திரும்பப் பெற முடியாது. முதல் செமஸ்டரில் நூறு யூரோ மிச்சம் என்று கையெழுத்துப் போட்டவர், மூன்றாம் செமஸ்டரில் நோய் வந்து மனம் மாறினாலும் பொதுக் காப்பீட்டுக்குள் நுழைய இயலாது.

மலிவான திட்டங்கள் பெரும்பாலும் பயணக் காப்பீட்டின் மறுவடிவங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களை ஒதுக்கிவிடுவார்கள். மனநல சிகிச்சையைக் குறுக்கிவிடுவார்கள். மருத்துவருக்கு முதலில் கையிலிருந்து பணம் கொடுத்துவிட்டு, பில்லை அனுப்பிக் காத்திருக்க வேண்டும். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது சில அலுவலகங்கள் இவற்றைப் போதாது என்று ஒதுக்கியும் விடுகின்றன. பொதுக் காப்பீட்டில் இருப்பவர் மருத்துவரிடம் கார்டை நீட்டினால் போதும். மருந்துக்கு விலையில் பத்தில் ஒரு பங்கு, குறைந்தது 5 யூரோ, கூடினால் 10 யூரோ. மருத்துவமனையில் தங்கினால் நாளொன்றுக்கு 10 யூரோ, அதுவும் ஆண்டில் 28 நாளுக்கு மட்டும்.

மகனுக்கு 30 முடிந்திருந்தால் கதை வேறு. நம் நாட்டிலிருந்து நேராகப் போகும் அந்த வயதினருக்குப் பொதுக் காப்பீட்டின் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். வேலை பார்த்துவிட்டுப் படிக்கப் போகும் நம் பொறியாளர்கள் பலர் இந்த இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள். அவர்கள் தனியார் காப்பீட்டைத்தான் எடுக்க வேண்டும், அப்போதும் 35 யூரோத் திட்டத்தை விட்டுவிட்டு, முழுமையான மருத்துவக் காப்பீடு என்று தங்கும் அனுமதி அலுவலகம் ஏற்பதை எடுக்க வேண்டும். மொழிப் படிப்புக்கும் ஆயத்தப் படிப்புக்கும் போகிறவர்களும் மாணவர் பொதுக் காப்பீட்டில் சேர முடியாது.

எந்த வயதானாலும், விமானம் இறங்கிய நாள் முதல் பல்கலைக்கழகப் பதிவு நாள் வரை உள்ள இடைவெளிக்கு மட்டும் ஒரு பயணக் காப்பீடு தேவை. அங்கே இரவிலும் விடுமுறையிலும் மருத்துவரை அணுக 116117, அவசரத்துக்கு 112.

என் மகள் ரொறன்ரோவில் ஒரு கொலிஜில் படிக்கின்றாள். அங்குள்ள சித்தப்பா வீட்டில் தங்கியிருக்கின்றாள். கனடாவில் மருத்துவம் இலவசம் என்றுதான் கேள்விப்பட்டிருந்தோம். இப்போது அவளுக்கு இலவசம் இல்லையாம். சித்தப்பாவின் மகளுக்கும் இவளுக்கும் ஒரே வயது, அவளுடைய ஹெல்த் கார்டைக் கொண்டு போகச் சொல்கின்றார்கள். செய்யலாமா?
– ஒரு தாய், யாழ்ப்பாணம்

செய்யவே கூடாது. முதலில் அது மோசடிக் குற்றம். பிடிபட்டால் மகளின் கல்வி அனுமதிக்கும் சித்தப்பா குடும்பத்துக்கும் சேர்ந்தே சிக்கல் வரும். இரண்டாவதாக, அவளது இரத்த வகையும் மருந்து ஒவ்வாமையும் நோய் வரலாறும் சித்தப்பா மகளின் கோப்பில் ஏறிவிடும். நாளைக்கு அந்தப் பிள்ளை விபத்தில் நினைவிழந்து வந்தால், டாக்டர் உங்கள் மகளின் வரலாற்றைப் படித்துவிட்டு ஊசி போடுவார். உறவின் அன்பில் சொன்ன யோசனைதான், ஆனாலும் ஏற்க முடியாதது.

நீங்கள் கேள்விப்பட்டதும் பொய் அன்று, சித்தப்பாவுக்கு இலவசம்தான். கனடாவில் மருத்துவக் காப்பீட்டை நடத்துவது ஒவ்வொரு மாகாண அரசும் தனித்தனியாக. சஸ்காச்சுவனும் ஆல்பர்ட்டாவும் நீண்ட காலப் படிப்பு அனுமதி பெற்ற வெளிநாட்டு மாணவர்களைத் தம் திட்டத்தில் சேர்த்துக்கொள்கின்றன. பிரிட்டிஷ் கொலம்பியா சேர்த்துக்கொண்டு மாதம் 75 டாலர் வாங்குகிறது, தொடக்கத்தில் ஏறத்தாழ மூன்று மாதக் காத்திருப்பும் உண்டு. மானிடோபா முன்பு இலவசமாகத் தந்துவந்து 2018இல் நிறுத்திவிட்டது. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோவோ வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதில்லை. அங்கே பல்கலைக்கழக மாணவர்களுக்கு யு.எச்.ஐ.பி. என்ற பொதுவான திட்டம் உண்டு, கொலிஜ் மாணவர்களுக்கு அந்தந்தக் கொலிஜே ஒரு தனியார் காப்பீட்டை ஏற்பாடு செய்து, கட்டணத்தைக் கல்விக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிவிடுகிறது.

ஆக, உங்கள் மகளிடம் காப்பீடு இருக்கத்தான் வேண்டும். பலரும் அதை அறியாமலே இரண்டு ஆண்டைக் கழித்துவிடுகிறார்கள். கட்டண ரசீதில் 'ஹெல்த்' என்று தொடங்கும் வரியைத் தேடச் சொல்லுங்கள். பிறகு கொலிஜின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் காப்பீட்டு அட்டையை எப்படித் தரவிறக்குவது, நேரடியாகக் கணக்குத் தீர்க்கும் கிளினிக்குகள் எவை என்று கேட்கச் சொல்லுங்கள். 811 என்ற எண்ணில் தாதியர் ஆலோசனை அவளுக்கும் கிடைக்கும், ஹெல்த் கார்டு கேட்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் எம்.எஸ். சேர்ந்திருக்கிறேன். பல்கலைக்கழகக் காப்பீடு மிகவும் விலை கூடியது. சீனியர்கள் வெளியில் மாதம் 40 டாலருக்கு ஒரு பிளான் வாங்கி, 'வேய்வர்' என்னும் விலக்கு விண்ணப்பம் போட்டு, பல்கலைக்கழகக் காப்பீட்டிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு எமர்ஜென்சி ரூமில் ஒரு இரவு இருந்ததற்குப் பல ஆயிரம் டாலர் பில் வந்திருக்கிறது. நான் என்ன செய்வது?
– ஒரு மாணவி

சகோதரி, அந்த சீனியரின் பில்லே உங்கள் கேள்விக்குப் பாதி விடை.

ஜே-1 என்னும் பரிமாற்றத் திட்ட விசாவில் வருபவருக்கு, ஒரு நோய்க்குக் குறைந்தது ஒரு லட்சம் டாலர் வரை ஈடு தரும் காப்பீடு வேண்டும் என்று அமெரிக்க அரசே விதித்திருக்கிறது. உங்களைப் போன்ற, எஃப்-1 என்னும் வழக்கமான மாணவர் விசாவில் வருபவர்களுக்கு அரசு அப்படி எதையும் விதிக்கவில்லை, பல்கலைக்கழகங்களே விதிக்கின்றன. அதனால்தான் ஓரிடத்தில் வேய்வர் எளிதாகக் கிடைக்கிறது, இன்னோரிடத்தில் கிடைப்பதே இல்லை.

விலையைப் பார்க்கும் முன் நான்கு சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'டிடக்டிபிள்' என்பது காப்பீடு வாயைத் திறக்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை. 'கோபே' என்பது ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் தர வேண்டிய நிலையான சிறு தொகை. 'கோ-இன்ஷூரன்ஸ்' என்பது மீதியில் உங்கள் சதவீதம். 'அவுட் ஆஃப் பாக்கெட் மேக்சிமம்' என்பது ஓராண்டில் உங்கள் கையிலிருந்து போகக்கூடிய உச்சத் தொகை. எடுத்துக்காட்டாக 6,000 டாலர் பில்லில் டிடக்டிபிள் 500, கோ-இன்ஷூரன்ஸ் 20 சதவீதம் என்றால், 500உம் மீதி 5,500இல் ஐந்தில் ஒரு பங்கான 1,100உம் சேர்ந்து 1,600 டாலர் உங்களுடையது. 40 டாலர் பிளான்களில் பல இந்தக் கணக்கைத் தலைகீழாக வைத்திருக்கும்: எமர்ஜென்சிக்கு இவ்வளவு, ஸ்கேனுக்கு இவ்வளவு என்று *அவர்கள்* தரும் தொகைக்குத்தான் உச்சவரம்பு, அதற்கு மேல் முழுவதும் உங்களுடையது. பிளான் தாளில் உச்சவரம்பு யாருக்குப் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம்.

பல்கலைக்கழகங்கள் காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து வாங்கித் தரும் மாணவர் திட்டங்கள் 2010ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை, ஆகவே முன்பே உள்ள நோய் என்று தள்ள முடியாது. வெளிச் சந்தையில் வெளிநாட்டு மாணவருக்கென விற்கும் மலிவான திட்டங்கள் பலவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. உங்களுக்கு ஆஸ்துமா, சர்க்கரை, பி.சி.ஓ.டி. என்று ஏதாவது இருந்தால் வேய்வர் பக்கமே போகாதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

இரவில் காய்ச்சலோ கணுக்கால் சுளுக்கோ என்றால் எமர்ஜென்சி ரூமுக்கு ஓடக் கூடாது. வளாகத்து ஹெல்த் சென்டர், அது மூடியிருந்தால் 'அர்ஜென்ட் கேர்' நிலையம் என்பதே வரிசை, செலவு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், நினைவு தவறுதல் என்றால் பணத்தை யோசித்து அறையில் படுத்திருப்பது பெரும்பிழை. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி எமர்ஜென்சி பிரிவு உள்ள மருத்துவமனைகள், கட்ட முடியுமா என்று பாராமல் முதலில் பரிசோதித்து, நிலையைச் சீர்ப்படுத்தியே ஆக வேண்டும்.

சீனியரிடம் இதைச் சொல்லுங்கள்: வந்த முதல் பில்லைக் கட்டிவிட வேண்டாம், ஒவ்வொரு இனமும் தனித்தனியாக விலையிட்ட பில்லைக் கேட்கட்டும். அது லாப நோக்கற்ற மருத்துவமனை என்றால், வருமானம் குறைந்தவர்களுக்கான நிதி உதவிக் கொள்கை ஒன்றை அது எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கி நிரப்பட்டும். மீதியைத் தவணையில் கட்டுவதும் அங்கே வழக்கம்தான்.

மகள் பிரிட்டனில் இரண்டாம் ஆண்டு. சில வாரங்களாகப் போனில் சரியாகப் பேசுவதில்லை, தூங்குவதில்லை, வகுப்புக்கும் போவதில்லை என்று தோழி சொன்னாள். பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தால், "மாணவியின் அனுமதியின்றி எதுவும் சொல்ல முடியாது" என்கிறார்கள். கட்டணம் கட்டுவது நான். சிகிச்சைக்குப் போனால் விசாவுக்கு ஆபத்தா என்றும் பயமாக இருக்கிறது.
– ஒரு தந்தை, திருநெல்வேலி

ஐயா, பதினெட்டு வயது ஆனவரின் உடல்நிலையைப் பெற்றோரிடம்கூட அவர் சம்மதமின்றிச் சொல்லக் கூடாது என்பது அங்குள்ள சட்டமும் மருத்துவ நெறியும். பணம் கட்டுபவர் யார் என்பது அதில் கணக்கில்லை. நமக்கு இது கல் நெஞ்சமாகத் தெரிகிறது, ஆனால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம் இல்லாததால்தான் பல பிள்ளைகள் ஆலோசகரின் கதவைத் தட்டவே துணிகிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் உங்களிடம் *சொல்லக்* கூடாது, உங்களிடமிருந்து *கேட்கக்* கூடாது என்று எந்த விதியும் இல்லை. மறுபடி அழையுங்கள். மாணவர் நலப் பிரிவைக் கேளுங்கள், மகளின் பெயர், மாணவர் எண், தங்கும் விடுதி, தோழி சொன்ன அறிகுறிகள் ஆகியவற்றைத் தெரிவித்து, "எனக்கு எதையும் சொல்ல வேண்டாம், இன்று யாராவது ஒருவர் அவளை நேரில் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். அவ்வாறு நேரில் சென்று பார்க்கும் ஏற்பாடு பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் உண்டு. நம் நேரம் அவர்களைவிடக் கோடையில் நாலரை மணியும் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் முன்னே இருக்கும். எனவே பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அழைத்தால் ஆள் கிடைப்பார்கள். மகள் உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் அலுவலக நேரத்துக்குக் காத்திருக்காமல், அருகில் உள்ள தோழி 999ஐ அழைக்கட்டும்.

அவசர நிலையில் யாருக்குத் தகவல் சொல்லலாம் என்று மாணவரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கி வைக்கும் முறையை பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2018இல் தொடங்கியது. மகள் படிக்கும் இடத்திலும் அத்தகைய படிவம் இருக்கலாம். அவள் தேறிய பிறகு, கண்டிப்பாக அல்லாமல் வேண்டுகோளாகக் கேட்டுப் பாருங்கள்.

விசாவைப் பற்றிய அச்சம் தவறான இடத்தில் இருக்கிறது. ஆலோசகரையோ ஜி.பி.யையோ பார்ப்பது விசாவைக் கெடுப்பதில்லை. யாரிடமும் சொல்லாமல் வகுப்புக்குப் போகாதிருப்பதுதான் கெடுக்கும், ஏனெனில் வருகையைக் கண்காணித்துக் குடியேற்றத் துறைக்கு அறிவிக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்துக்கு உண்டு. நோய் என்று ஜி.பி.யின் கடிதத்தோடு தெரிவித்தால் தேர்வைத் தள்ளிவைக்கவும் விடுப்பு எடுக்கவும் வழி இருக்கிறது. அந்த விடுப்பு 60 நாளைத் தாண்டினால் விசாவைப் பொதுவாகக் கைவிட்டு, தேறிய பின் புதிதாக விண்ணப்பிக்க நேரும், ஆகவே அதற்குள் சர்வதேச மாணவர் ஆலோசகரிடம் பேசிவிட வேண்டும்.

இங்கிலாந்தில் என்.எச்.எஸ். தரும், பேச்சு வழியிலான மனநல சிகிச்சைக்கு ஜி.பி. கடிதமின்றித் தானே விண்ணப்பிக்கலாம். 111ஐ அழைத்து 2ஐ அழுத்தினால் மனநல நெருக்கடிக் குழு கிடைக்கும். 116 123 என்ற எண்ணில் இரவு பகலாக, கட்டணமின்றி, யாரேனும் ஒருவர் பேசக் காத்திருப்பார். இந்த மூன்றையும் தோழிக்கும் அனுப்பி வையுங்கள்.

மான்செஸ்டர் போகும் என் பெண்ணுக்கு நான்கு வருடமாகத் தைராய்டு மாத்திரை. ஒரு வருட மாத்திரையை மொத்தமாக வாங்கி அனுப்பலாமா? காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்குக்கும் சேர்த்து ஒரு பை தயார் செய்திருக்கிறேன்.
– ஒரு தாய், கும்பகோணம்

பையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம் அம்மா. தைராய்டு மாத்திரையை மூன்று மாத அளவு, அட்டையைப் பிரிக்காமல், டாக்டரின் ஆங்கிலக் கடிதத்தோடு கொடுத்தனுப்புங்கள். கடிதத்தில் கம்பெனிப் பெயரை மட்டும் எழுதினால் அங்கே புரியாது, லெவோதைராக்சின் என்ற மருந்துப் பெயரையும் மைக்ரோகிராம் அளவையும் எழுதச் சொல்லுங்கள். கடைசி இரத்தப் பரிசோதனை முடிவும் கூட இருக்கட்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் கலந்த வலி மாத்திரை எதுவும் பையில் இருந்தால் எடுத்துவிடுங்கள், அவை அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். மிச்சம் இருந்த ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம். காய்ச்சல் மாத்திரை என்று நாம் வாங்குவது பாரசிட்டமால்தான், அது அங்கே சூப்பர் மார்க்கெட்டிலேயே பதினாறு மாத்திரைப் பெட்டியாக மலிவாகக் கிடைக்கிறது.

பலருக்கும் தெரியாத ஒன்று: தைராய்டு சுரப்புக் குறைவுக்காகத் தொடர்ந்து மாத்திரை எடுக்க வேண்டியவருக்கு இங்கிலாந்தில் மருத்துவ விலக்குச் சான்றிதழ் உண்டு. அது கையில் இருந்தால் தைராய்டு மாத்திரைக்கு மட்டுமல்ல, எந்த நோய்க்கான மருந்துச்சீட்டுக்கும் 9.90 பவுண்டு கட்ட வேண்டியதில்லை, ஐந்தாண்டு செல்லும். அதற்கான எஃப்.பி.92ஏ என்ற படிவம் கடையில் கிடைக்காது, ஜி.பி. நிலையத்தில் கேட்டு வாங்கி, அவர்களே கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். மூன்று மாத மாத்திரை தீரும் முன் பெண் அங்கே பதிந்துகொண்டால் போதும்.